மெஷினுக்கு டியூஷன் எடுத்த கதை

உலகத்தில் வேறு எந்த வாத்தியாருக்கும் எங்களுக்கு வாய்த்த மாதிரி ஒரு மாணவன் கிடைத்திருக்க மாட்டான். ஒரே பாடத்தைப் பத்தாயிரம் தடவை சொன்னால்தான் புரியும். புரிந்துவிட்டாலோ, நாம் சொல்லாததையும் சேர்த்துப் படித்துவிடும். மெஷினுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதுதான் எங்கள் தொழில். செகந்திராபாத்தில் ஒரு ஸ்வீட் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் ஆபீஸ். கீழே நெய் வாசனை, மேலே நாற்பது கம்ப்யூட்டர். பதினோரு மணிக்கு மேல் யாருக்கும் கவனம் திரையில் இருக்காது.

இதே பிழைப்பில் இருப்பவர்கள் இப்போது ஊருக்கு ஊர் பெருகிவிட்டார்கள். அவர்களுக்காகவும், பிள்ளைக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தே தொண்டைத்தண்ணி வற்றிப்போன பெற்றோர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு, 'நமக்குத் துணைக்கு ஒருத்தி இருக்கிறாள்' என்று ஆறுதல் பட்டுக்கொள்ளுங்கள்.

கோலம் போடுகிற உத்தியோகம்

என் கணவருக்குப் பாதுகாப்புத் துறை ஆபீஸில் வேலை. அல்வாலில் வீடு. மகள் காலேஜில் சேர்ந்த பிறகு, நாற்பத்து மூன்றாவது வயதில் நான் இந்த வேலைக்கு வந்தேன். எதிர் ஃபிளாட் மாமிக்கு இது பெரிய மர்மம். "கம்ப்யூட்டர் கம்பெனின்னு சொல்றேள். ஆனா சனிக்கிழமைகூட பஸ்ல தொங்கிண்டு போறேளே, அப்படி என்னதான் பண்றேள்?" என்று ஒரு நாள் லிஃப்டில் மடக்கிவிட்டார்.

விளக்கினேன். ரோட்டுப் படம் ஒன்று வரும். அதில் ஆட்டோ இருந்தால் ஆட்டோவைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு 'ஆட்டோ' என்று குறிக்க வேண்டும். எருமை இருந்தால் எருமைக்கு ஒரு கட்டம். இப்படி ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்த பிறகு, புதிதாக ஒரு படத்தைக் காட்டினால் மெஷின் தானாகவே 'இது ஆட்டோ' என்று சொல்லும். ஆட்டோவுக்கு மூன்று சக்கரம், மஞ்சள் மேல்பூச்சு என்றெல்லாம் யாரும் அதற்குச் சொல்லித் தருவதில்லை. குழந்தைக்குக் காக்காவைக் காட்டி 'காக்கா, காக்கா' என்கிறோமே தவிர, காக்கா என்றால் என்ன என்று இலக்கணமா நடத்துகிறோம்? அதே கதைதான். மாமி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். லிஃப்ட் கதவு திறந்ததும் சொன்னார்: "அப்போ பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படிச்சது ஆட்டோவைச் சுத்திக் கோலம் போடறதுக்கா?"

முன் சீட்டில் நான்கு பேர்

எங்கள் குழுவில் இம்ரான் என்று ஓர் இன்ஜினியர். நாங்கள் குறித்துக் கொடுப்பதையெல்லாம் மெஷினுக்கு ஊட்டிவிடுகிறவர் அவர்தான். அம்மாவுக்கு வாணியம்பாடி என்பதால் தமிழ் நன்றாகப் பேசுவார். பிறந்து வளர்ந்தது ஹைதராபாத் என்பதால் என்னை 'ஆப்பா' என்பார். அக்கா என்று அர்த்தம்.

தானாக ஓடும் கார் செய்கிற வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று எங்களுக்கு வேலை கொடுத்திருந்தது. தொழிற்சாலைகள் நிறைந்த பட்டான்செரு பக்கத்தில் ஒரு ஷேர் ஆட்டோவை, ஷிப்ட் விட்ட நேரத்தில் எடுத்த படம் ஒன்று அதில் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவர்களிடமிருந்து மெயில் வந்தது. முன் சீட்டில் நான்கு பேர் இருக்கிறார்கள், இதில் ஓட்டுநர் யார், மற்ற மூவரை வண்டிக்கு உள்ளே இருப்பவர்களாகக் கொள்வதா வெளியே இருப்பவர்களாகக் கொள்வதா என்று மிக மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். அரை நாள் விவாதித்தோம். ஒருவருக்கு ஒரு கால் மட்டும்தான் வண்டிக்குள் இருந்தது. கடைசியில் இம்ரான் கம்ப்யூட்டரை மூடிவிட்டு எழுந்தார். "இதுக்கெல்லாம் பதில் எழுத முடியாது ஆப்பா. அவங்களை ஒரே ஒரு தடவை அந்த ஆட்டோல உட்கார வச்சா அவங்களே புரிஞ்சுப்பாங்க."

நன்றி சொன்ன கஸ்டமர்

ரோடு முடிந்ததும் மிளகாய்ச் செடி வந்தது; இலையைப் பார்த்து நோயைச் சொல்லும் ஒரு செயலிக்காக. அதன் பிறகு எலும்பு எக்ஸ்ரே. அதன் பிறகு பேங்க் செக்கில் இருக்கும் கையெழுத்துகள். இன்றைக்கு எந்தத் தொழிலைத் தொட்டாலும், எங்கேயோ ஒரு மாடியில் யாரோ ஒருவர் உட்கார்ந்து அந்தத் தொழிலுக்கு உரிய அ, ஆவை மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு முறை போன் உரையாடல்கள் வந்தன. பேசுகிற கஸ்டமர் கோபமாக இருக்கிறாரா, சந்தோஷமாக இருக்கிறாரா என்று குறிக்க வேண்டும். ஒரு பெண்மணி, மூன்று முறை ரிப்பேர் செய்தும் ஓடாத ஃபிரிட்ஜைப் பற்றிப் பேசிவிட்டு, தேன் ஒழுகும் தெலுங்கில், 'ரொம்ப நன்றி அண்ணா, உங்கள் கம்பெனி நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்' என்று முடித்தார். புதிதாகச் சேர்ந்த கல்யாணமாகாத பெண்கள் அத்தனை பேரும் 'சந்தோஷம்' என்று குறித்திருந்தார்கள். நான் 'கடும் கோபம்' என்று குறித்தேன். இம்ரான் இரண்டு முறை கேட்டுவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு என் பக்கம் சாய்ந்தார். "கோபம்னா என்னன்னு தெரியணும்னா முதல்ல இந்த மெஷினுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கணும் ஆப்பா."

எட்டு நாற்காலி

சிரித்தது போதும். இனி சொல்லப்போவதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஒரு மாதிரி ஆகிறது.

பட்டான்செருவில் ஒரு மருந்துத் தொழிற்சாலைக்குப் போனோம். அங்கே மாத்திரைகள் விளக்கு வெளிச்சத்தில் பெல்ட்டில் நகர்ந்து வரும். இரண்டு பக்கமும் எட்டுப் பெண்கள் உட்கார்ந்து, உடைந்தது, கறை படிந்தது எல்லாவற்றையும் பொறுக்கி எடுப்பார்கள். அந்த வேலையை ஒரு கேமராவும் ஒரு மெஷினும் செய்ய வேண்டும், அதற்கு நாங்கள் பாடம் நடத்த வேண்டும். மெஷின் தேறிவிட்டால் பெல்ட்டுக்கு இரண்டு பேர் போதும் என்று மேனேஜர் பிரசாத் முதல் நாளே, அந்த எட்டுப் பேருக்கும் கேட்கிற தூரத்தில் நின்று, இங்கிலீஷில் சொன்னார். அவர்களுக்கு அந்த அளவு இங்கிலீஷ் நன்றாகவே தெரியும்.

அந்த எட்டுப் பேரில் மூத்தவர் கஸ்தூரி அக்கா. ஐம்பத்திரண்டு வயது; பதினெட்டு வருஷமாக அதே நாற்காலி. அப்பா அரக்கோணத்திலிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அக்காவின் கண்ணுக்கு ஒரு மாத்திரையும் தப்பாது என்பதால், கெட்ட மாத்திரைகளை மெஷினுக்குக் காட்டும் பொறுப்பை அவரிடமே கொடுத்தார்கள். தன் நாற்காலியைப் பறிக்கப்போகிற மாணவனுக்கு அவரே டீச்சர். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே சங்கடம். "தப்பா நினைச்சுக்காதீங்க அக்கா" என்று இழுத்தேன். அவர் தலையில் வலைத்தொப்பியைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "நீ இன்னாம்மா பண்ணுவே? உனுக்கு இது வேலை, எனுக்கு அது வேலை. கெட்டது எதுன்னு காட்டுறேன், எழுதிக்கோ."

எலிக்கடியும் மச்சமும்

மாத்திரையின் குறைகளுக்கெல்லாம் இங்கிலீஷில் நீளநீளமாகப் பெயர் உண்டு. இம்ரான் பட்டியல் போட்டு எடுத்து வந்திருந்தார். அக்காவிடம் இருந்ததோ வேறு பட்டியல். ஓரம் உடைந்திருந்தால் எலிக்கடி. கறுப்புப் புள்ளி இருந்தால் மச்சம். மேல் பகுதி தனியே கழன்று வந்தால் தொப்பி. இரண்டு ஒட்டிக்கொண்டு வந்தால் சம்பந்தி. மூன்றாம் நாள் இம்ரானே தன் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு அக்காவின் பெயர்களை ஏற்றிவிட்டார். இன்றைக்கும் அந்த மெஷினின் வயிற்றுக்குள் 'எலிக்கடி' என்றுதான் இருக்கிறது.

ஒரு நாள், என் கண்ணுக்கு முழு மதியாகத் தெரிந்த ஒரு மாத்திரையை அக்கா ஒதுக்கி வைத்தார். பூதக்கண்ணாடியில் பார்த்தபோது ஓரத்தில் முடி கனத்துக்கு ஒரு விரிசல். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க? என்ன பார்த்தீங்க?" என்று துளைத்தேன். மெஷினிடம் கேட்டாலும் இதற்குப் பதில் வராது. அவராலும் சொல்ல முடியவில்லை. சிரித்தார். "பாத்தா தெரியுதும்மா. அதுக்கு மேல இன்னாத்த சொல்றது?"

நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது

மூன்று வாரம் படம் எடுத்தோம். மாத்திரையின் இரண்டு பக்கமும் தெரிய வேண்டும் என்பதால், கேமராவுக்குக் கீழே கையில் பிடித்துத் திருப்பிக் காட்ட வேண்டும். நல்ல மாத்திரைகளை அந்த எட்டுப் பேரில் ஒருத்தியான லட்சுமி காட்டினாள். கெட்டவற்றைக் கஸ்தூரி அக்கா காட்டினார். ஸ்டோரில் ஒரே அளவு நீலக் கையுறைதான் உண்டு. லட்சுமிக்கு அது சரியாக இருக்கும். அக்காவின் கை சின்னது. எப்போதும் மணிக்கட்டில் இரண்டு மடிப்பு மடித்துக்கொள்வார். இதை ஏன் சொல்கிறேன் என்பது சீக்கிரம் தெரியும். எங்களுக்குத்தான் அப்போது தெரியாமல் போயிற்று.

பரீட்சை வைத்ததில் மெஷின் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வாங்கியது. மறுநாள் காலை இம்ரான் எங்கள் ஆபீஸுக்குக் கீழே இருக்கும் கடையில் மைசூர்பாகு வாங்கி வந்து தொழிற்சாலையில் எல்லோருக்கும் கொடுத்தார். இம்ரான் கையால் போணியானால் அன்றைக்கு வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகும் என்று அந்தக் கடைக்காரர் நம்புபவர், அவருக்கும் சந்தோஷம். நான் பெட்டியை நீட்டியபோது கஸ்தூரி அக்கா ஒரு துண்டை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "உன் மெஷின் பாஸாயிட்டுது. அப்போ நாங்கோ எட்டு பேரும் ஃபெயிலாம்மா?"

டெமோ என்னும் கண்டம்

பெல்ட்டில் மாட்டும் முன், கம்பெனிப் பெரியவர்களுக்கு மெஷினை ஓட்டிக்காட்டும் நாள் வந்தது. டெமோ நாளில் மட்டும் ஏதாவது ஒன்று கழுத்தை அறுக்கும் என்பது இந்தத் தொழிலில் உள்ள எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு லட்சுமி லீவு. "கஸ்தூரியே காட்டட்டும், நல்லது கெட்டது எல்லாவற்றையும் கலந்து காட்டட்டும்" என்றார் பிரசாத்.

அக்கா பளிங்கு மாதிரி ஒரு மாத்திரையை நீட்டினார். சிவப்பு விளக்கு, தள்ளுபடி. இன்னொன்று. அதுவும் தள்ளுபடி. வரிசையாக இருபது நல்ல மாத்திரை, இருபதும் சிவப்பு. பிரசாத் பொறுமையிழந்து, பாதி உடைந்த மாத்திரை ஒன்றைத் தானே எடுத்து நீட்டினார். மெஷின் பச்சை விளக்கைப் போட்டு அதைப் பாஸ் செய்தது. எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது.

அப்போது தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் ஒருவர், சூழ்நிலையை லேசாக்குவதாக நினைத்துக்கொண்டு ஒரு ஜோக் அடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். கஸ்தூரி அக்கா மட்டும் கையுறையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனார். அந்த ஜோக் இதுதான்: "அக்கா கை பட்டாலே கெட்டது என்கிறதே, மெஷினுக்கு ராசி பார்க்கவும் சொல்லிக்கொடுத்துவிட்டீர்களா?"

சிவப்பு விழுந்த இடம்

மெஷின் ஒரு படத்தில் எந்த இடத்தைப் பார்த்து முடிவெடுத்தது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அந்த இடம் மட்டும் படத்தில் சிவப்பாகத் தெரியும். இம்ரான் அக்காவின் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். மாத்திரையின் மேல் ஒரு பொட்டு சிவப்பு இல்லை. எல்லாச் சிவப்பும் மணிக்கட்டில், கையுறையின் அந்த இரண்டு மடிப்பில்.

மடித்த கையுறையில் ஒரு நல்ல மாத்திரையைக்கூட நாங்கள் அதற்குக் காட்டவே இல்லை. கடுகளவு உடைசலைத் தேடுவதைவிட மணிக்கட்டைப் பார்ப்பது சுலபம். மடிப்பு இருந்தால் கெட்டது, இல்லாவிட்டால் நல்லது. இந்த ஒன்றைப் படித்துக்கொண்டுதான் அது தொண்ணூற்றொன்பது வாங்கியிருந்தது. பரீட்சைப் படங்களும் அதே இருவர் கையில் எடுத்தவைதான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மெஷின் பெட்டியை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். இம்ரான் என் கையைத் தடுத்தார். "அதை அடிக்காதீங்க ஆப்பா. நாம காட்டினதைத்தானே அது படிச்சிருக்கு."

கான்டீனில் ஒரு 'நக்கோ'

கஸ்தூரி அக்காவைக் கான்டீனில் தேடிப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் கையில் தப்பில்லை, மடிப்பில்தான் கோளாறு, அதுவும் எங்கள் கோளாறு என்றேன். பிறகு குரலைத் தாழ்த்தி, சொல்லக்கூடாத ஒன்றையும் சொன்னேன். பிரசாத் சார் மாசக் கடைசி வரைதான் அவகாசம் கொடுத்திருக்கிறார். நாங்கள் கொஞ்சம் மெதுவாகச் சரிசெய்தால் இந்த மெஷினே வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள். உங்கள் எட்டு நாற்காலியும் அப்படியே இருக்கும். வாங்குகிற சம்பளத்துக்குத் துரோகம்தான். ஆனால் அந்த நேரத்தில் மனசாரச் சொன்னேன்.

அக்கா டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். "கல்யாணமாயி ரெண்டாவது வருசம் அவரு போயிட்டாரு. அதுலேருந்து வூட்டு விசேசம் எதுலயும் எதையும் தொட வுட்டதில்ல. என் கூடப்பொறந்தவ கல்யாணத்துல, ஆரத்தித் தட்டை நான் நவுத்தி வச்சேன்னு தட்டையே மாத்துனாங்கோ. சரி, அவங்கோ மனுசங்கோ, அப்படித்தான். அதுக்கு ஒண்ணும் தெரியாதே, மிசினுதானே. அதுவுமா சொல்லணும்?"

இத்தனை வருஷம் அந்தக் கையை நல்லதன் பக்கத்தில் யாருமே வைத்துப் பார்த்ததில்லை. நாங்களும் மூன்று வாரம் அதையேதான் செய்திருக்கிறோம். மணிக்கட்டு தெரியாமல் படத்தை வெட்டிவிடுகிறோம், அல்லது உங்களுக்குச் சின்னக் கையுறை வரவழைக்கிறோம் என்று ஏதோ சொன்னேன். அவர் கையை உயர்த்தி, ஹைதராபாத் பாஷையில் 'வேண்டாம்' என்று நிறுத்தினார். "நக்கோ. வெட்டவும் வேணாம், மறைக்கவும் வேணாம். வேலை போனா போவுது. நல்ல மாத்திரையை என் கையில குடு, இதே மடிப்போட காட்டுறேன். அது படிக்கட்டும்."

பச்சை விளக்கு

பத்து நாள் மறுபடியும் படம் எடுத்தோம். இந்த முறை நல்லதையும் கெட்டதையும் எட்டுப் பேரும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். கஸ்தூரி அக்கா நல்ல மாத்திரையாகப் பார்த்துப் பொறுக்கி, பூ எடுப்பது போல் எடுத்து வைத்தார். ஒரு நாளும் லீவு போடவில்லை. மற்ற ஏழு பேருக்கும் அவர்மேல் வருத்தம் இருந்தது, இருக்கத்தானே செய்யும்.

மறுபரீட்சை அன்று முதல் மாத்திரையை அக்காதான் நீட்டினார். கையுறையில் இரண்டு மடிப்பு அப்படியே இருந்தது. பச்சை விளக்கு எரிந்தது. நாங்கள் கை தட்டினோம். அவர் கையை எடுக்கவில்லை. விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றவர், மெதுவாக இம்ரான் பக்கம் திரும்பினார். "இன்னொரு வாட்டி சொல்லச் சொல்லு தம்பி."

ரோஸ் கலர் மாத்திரை

மெஷின் பாஸாகிவிட்டது. சொன்னபடியே பெல்ட்டில் இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற ஆறு பேரையும் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். கஸ்தூரி அக்காவும் அந்த ஆறு பேரில் ஒருவர். பேக்கிங்கில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. நான் அந்த வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. "அதான் வேறே வேலை கொடுத்திருக்காங்களே" என்று வீட்டில் ஆறுதல் சொன்னார்கள். ஆறுதல் எல்லாம் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் சுலபம்.

இரண்டு மாதம் கழித்துப் பிரசாத்திடமிருந்து போன். தொழிற்சாலையில் புதிதாக ரோஸ் கலர் மாத்திரை ஒன்று ஆரம்பித்திருக்கிறார்கள். அதுவரை வெள்ளை மாத்திரையை மட்டுமே பார்த்து வளர்ந்த மெஷின், மொத்தத்தையும் ஒரே பெரிய மச்சம் என்று தள்ளிவிட்டது. இம்ரானும் நானும் ஓடினோம். நாங்கள் போவதற்குள்ளேயே கேமராவுக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு, கஸ்தூரி அக்காவை உட்கார வைத்திருந்தார்கள். இன்னும் நான்கைந்து கலர் வரப்போகிறதாம். ஒவ்வொன்றுக்கும் நல்லது எது, கெட்டது எது என்று மெஷினுக்கு முதலில் காட்ட ஓர் ஆள் வேண்டும், இனி அது அவர் வேலை என்று பிரசாத் எழுதியே கொடுத்துவிட்டார். மற்ற ஐந்து பேர் இன்னும் பேக்கிங்கில் நின்றுகொண்டுதான் இருக்கிறார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அக்கா கையுறையை மாட்டி, மணிக்கட்டில் இரண்டு மடிப்பு மடித்தார். தட்டிலிருந்து குறையில்லாத ஒரு ரோஸ் மாத்திரையைத் தேர்ந்தெடுத்துக் கேமராவுக்கு நீட்டினார். என்னைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "இனிமே எந்தப் புது மாத்திரை வந்தாலும் என் கையாலதான் போணியாம்மா."

மெஷினுக்குப் புத்தி வரப் பத்து நாள் போதும் என்பது இந்தத் தொழிலில் நான் கண்ட உண்மை. கல்யாண வீட்டுக்காரர்களுக்கு எத்தனை நாள் ஆகும் என்று இம்ரானிடம் கேட்டிருக்கிறேன், இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.